பதினொன்றரை பவுண்டு: ஆய்வுக்கு வந்த பணமும் அதன் கணக்கும்

குற்றாலம் என்றதும் அருவியும் சீசனும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது ஆய்வாளர்கள் தேடி வந்த ஊர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பெனி இங்கே கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட்டுப் பார்த்தது. 1830களின் நடுவில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இந்த மலையில் செடிகள் சேகரித்தார். நாவல் இனத்து மரம் ஒன்றின் அறிவியல் பெயரில் இன்றைக்கும் குற்றாலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: சிசிஜியம் கோர்ட்டாலென்ஸ்.

அந்த வைட்டின் கதையில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 1826இல் அவர் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். 1828இல் கவர்னர் லஷிங்டன் செலவைக் குறைக்கிறேன் என்று அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். சேகரித்து வைத்திருந்தவை லண்டனுக்குப் போயின. ஆனால் வைட் நடுத்தெருவுக்கு வரவில்லை. அவர் கும்பெனியின் ராணுவ மருத்துவர் என்பதால் நாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போனார். அந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு செடி சேகரிப்பதைத் தொடர்ந்தார். பின்னாளில் அவர் வெளியிட்ட நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயர்களும் வரலாற்றில் தங்கின. மலையேறிச் செடி பறித்து வந்த உள்ளூர் ஆட்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போனார்கள்.

ஆய்வுக்கு வரும் பணம் ஒரு கையெழுத்தில் நிற்கும் என்பது இதில் தெரிகிறது. அப்படி நின்றாலும் விழாமல் தாங்க இன்னொரு சம்பளம் சிலருக்கு இருக்கும் என்பதும் தெரிகிறது. அந்த இன்னொரு சம்பளம் இல்லாதவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு நம் வரலாற்றில் பதில் சொன்ன முதல் பெரிய ஆய்வாளர் அம்பேத்கர். அவரை அரசியல் சட்டத்தை எழுதியவராகப் படிக்கிறோம், போராளியாகப் படிக்கிறோம். உதவித்தொகையில் படித்த ஓர் ஆய்வு மாணவராக அவரைப் படித்திருக்கிறோமா?

1913 ஜூன் மாதம் பரோடா அரசோடு அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிப்பு. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை. கொடுத்தவர் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட். பெரிய மனதுடன்தான் கொடுத்தார். ஆனாலும் அது நிபந்தனையுள்ள பணம், கெடு வைத்த பணம்.

1916இல் அம்பேத்கர் லண்டன் போய் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் பாதிப் படிப்பில் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். படிப்பை அப்படியே விட்டுவிட்டுக் கப்பல் ஏறவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்த அனுமதிதான் பிறகு அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்களும் உடைமைகளும் ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் கடலில் மூழ்கின. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணம்தான் பரோடா பயணத்துக்கு உதவியது. ஒப்பந்தப்படி வேலையில் சேரப் போனார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசையில் எறிந்தார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும், அதை நிறைவேற்ற ஊரில் ஒரு வீடு கூடக் கிடைக்கவில்லை. ‘விதியை மீறினான்’ என்று யாரைச் சொல்வது?

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். நண்பர் நவல் பத்தேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். 1920இல், நான்கு ஆண்டுக் கெடு முடிவதற்குள், லண்டன் திரும்பினார். 1921இல் எம்.எஸ்சி. முடித்தார். முனைவர் ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கொலம்பியாவில் இன்னொரு விதி இருந்தது. ஆய்வேட்டை நூலாக அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்தால்தான் பிஎச்.டி. பட்டம் முறைப்படி கிடைக்கும். நூல் 1925இல் வெளிவந்தது. பட்டம் 1927இல் கிடைத்தது. படிப்பை முடித்துவிட்டு அச்சுச் செலவுக்குக் காத்திருந்தவர்களின் வலி, இன்றைக்கு ஆய்வேட்டுக்கு பைண்டிங் போடக் கடன் வாங்கும் நம் பிள்ளைகளுக்குப் புரியும்.

உதவித்தொகை தேடுவது, விதிப்படி நடப்பது, இடரை முன்கூட்டி எண்ணி வழி செய்வது: இந்த மூன்றுக்கும் இன்று பல்கலைக்கழகங்களில் பயிற்சி என்று பெயர். அம்பேத்கருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தானே கற்றார், தப்பித்தார். ஆனால் ஆயிரத்தில் ஒருவர் தப்பித்ததை வைத்து மற்ற 999 பேருக்கு வழி இருக்கிறது என்று சொல்ல முடியாது. இது அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால்தான் 1942இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதிக் கொடுத்து உயர்கல்விக்கு நிதி கேட்டார். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. மன்னரின் கருணையாக இருந்தது அரசின் திட்டமாக மாறியது. 1954இல் வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை வந்தது. 2005-06இல் எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கு ராஜீவ் காந்தி தேசிய ஃபெலோஷிப் வந்தது. கூலி வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் முழுநேர ஆய்வுக்கு வந்தது இந்தப் பணத்தால்தான். யாரும் தானமாகப் போட்டதல்ல இது.

ஆனால் பணத்தை உரிமை ஆக்கிய அரசு, அந்தப் பணம் நடந்து வரும் பாதையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யுஜிசி காலத்து முறையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் மாணவர் ஆய்வில் இருக்கிறார் என்று பல்கலைக்கழகத்தில் ஓர் ஊழியர் கணினியில் பதிய வேண்டும். அவருக்கு ‘மேக்கர்’ என்று பெயர். இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். அவர் ‘செக்கர்’. இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதப் பணம் நிற்கும். இரண்டு ஆண்டு முடிந்ததும் குழு கூடி மதிப்பிட்டால்தான் தொகை உயரும். குழுவைக் கூட்ட வேண்டியவர் நெறியாளரும் துறைத்தலைவரும். தவறினால் நட்டம் மாணவருக்கு மட்டும்.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோகித் வெமுலாவுக்கு மாதம் 25,000 ரூபாய் ஃபெலோஷிப். 2015 ஜூலையிலிருந்து அது வரவில்லை. 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தபோது ஏழு மாதப் பணம், 1,75,000 ரூபாய், பாக்கி என்று எழுதி வைத்திருந்தார். பல்கலைக்கழகத் தரப்பு அதற்குச் சொன்ன காரணம்: காகித வேலையில் தாமதம். தோழர்களே, ‘காகித வேலை’ என்ற அந்தச் சொல்லை மறக்காதீர்கள். சாதி எப்போதும் தடியோடு வந்து விடுதி வாசலில் நிற்பதில்லை. நகராத கோப்பாகவும் அது உட்கார்ந்திருக்கும்.

விதிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022இல் வெளிநாட்டு உதவித்தொகையின் புதிய விதி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் இல்லை என்றது. சாதியைப் பற்றி வெளியே போய் ஆராயாதே என்பதுதான் அதன் பொருள். 2023 அக்டோபரில் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஃபெலோஷிப்பை நடத்தும் பொறுப்பு யுஜிசியிலிருந்து தேசியப் பட்டியல் சாதிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்துக்கு மாறியது. 2025 ஜூலையில் வெளிநாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் வந்தது; மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில். லஷிங்டனின் கையெழுத்து இன்னும் காயவில்லை.

நம் பகுதிக்கு வருவோம். 1964 முதல் குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. ஆழ்வார்குறிச்சியில் அதற்கு ஆய்வு மையமும் இருக்கிறது. தென்காசி 2019இல் தனி மாவட்டமானது. பீடி சுற்றியும் செங்கல் சூளையில் உழைத்தும் படிக்க வைக்கும் வீடுகளிலிருந்து பெண்கள் பிஎச்.டி. பதிவு செய்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நெட் தேறாமலே மாதம் 8,000 ரூபாய் உண்டு. 2015இல் அதை நிறுத்தப் பார்த்தபோது டெல்லியில் யுஜிசி வாசலிலேயே போராட்டம் நடந்தது. மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அந்தப் பணம் தொடக்கத்திலிருந்தே கிடையாது. அதனால் இங்குள்ளவர்களுக்குத் தேசிய ஃபெலோஷிப்பும் தமிழக அரசு முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையும்தான் கதி. ஒரு கெடு தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சோறு போடும்போதே காதில் விழும். எந்த மாதம் அறிவிப்பு வரும், பயன்பாட்டுச் சான்றிதழ் என்றால் என்ன, எந்த ரசீதை எடுத்து வைக்க வேண்டும் என்று அப்பாவும் சித்தப்பாவும் சொல்லிவிடுவார்கள். ‘தகுதி’ என்று பேசப்படுவதில் இந்தக் காது வழிச் செய்திக்கும் ஒரு பங்கு உண்டு. நம் வீடுகளில் இதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே பல்கலைக்கழகம் சொல்லித்தர வேண்டும். அதைச் சலுகையாகக் கேட்கக் கூடாது, பாடமாகக் கேட்க வேண்டும்.

பாடம் இல்லையா என்றால், பாதி இருக்கிறது. 2019 முதல் பிஎச்.டி. பதிவு செய்வோர் அனைவருக்கும் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி என்ற இரண்டு கிரெடிட் பாடத்தை யுஜிசி கட்டாயமாக்கியது. திருட்டு எழுத்து, போலி இதழ்கள், மேற்கோள் கணக்கு எல்லாம் அதில் உண்டு. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்த வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று 2018ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. மாணவர் தவறினால் என்ன தண்டனை என்பது இத்தனை தெளிவாக இருக்கிறது. நிதி எப்படி வரும், நின்றால் யாரிடம் கேட்பது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதற்கு அந்தப் பாடத்தில் ஓர் அலகு கூடக் கிடையாது.

இடரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு இடர் என்றால் தணிக்கை ஆட்சேபணை. களத்துக்குப் போகும் நம் ஆய்வாளருக்கு இடர் வேறு: ஊருக்குள் நுழைந்ததும் ‘நீங்க எந்த ஆளுக?’ என்ற கேள்வி. பேசியவர்களுக்கும் இடர் உண்டு. 1981 பிப்ரவரியில் தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாம் தழுவியபோது, பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள், ஆய்வாளர்கள் என்று நாடே அந்தச் சிற்றூருக்கு வந்தது. வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். பேசியவர்கள் அங்கேயே வாழ வேண்டியிருந்தது. யாருடைய பெயரை மறைக்க வேண்டும், பதிவுகளை எங்கே பூட்டி வைக்க வேண்டும், ஆபத்து வந்தால் பல்கலைக்கழகம் எப்படித் துணை நிற்கும் என்பதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். அதே நேரம், உழைத்தவர்களின் பெயர் நன்றியுரையில் விடுபடாமலும் பார்க்க வேண்டும். வைட்டின் ஆட்களுக்கு நேர்ந்தது நம் ஆய்வில் நேரக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. பயிற்சி வகுப்பு நடத்திவிட்டோம் என்பதையே சாக்காக வைத்து, ‘உனக்குச் சொல்லித் தந்தோமே, நீதான் சரியாக நிரப்பவில்லை’ என்று பழியை மாணவர் தலையில் கட்டும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே மாணவருக்கு மட்டும் பயிற்சி போதாது. நெறியாளருக்கும், மேக்கருக்கும், செக்கருக்கும், நிதி அலுவலருக்கும் வேண்டும். கோப்பு எத்தனை நாளில் நகர வேண்டும் என்ற கெடு அவர்களுக்கும் வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். தொலைபேசியில் கேட்டதை மின்னஞ்சலிலும் கேளுங்கள். பணம் நின்றால், கோப்பு யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல்கலைக்கழகத்தின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆய்வை நிறுத்த நேர்ந்தால் அனுமதிக் கடிதம் வாங்காமல் ஊருக்குப் போகாதீர்கள். முடித்த அண்ணன்களும் அக்காக்களும் அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு இதை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

1917இல் லண்டனை விட்டுக் கிளம்பிய அந்த இருபத்தாறு வயது இளைஞர், பையில் பணமில்லாவிட்டாலும் திரும்பி வரும் அனுமதியை வாங்கி வைத்திருந்தார். நம் ஆய்வாளர்கள் ஒவ்வொருவர் கையிலும் அப்படியொரு தாள் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்!