கடனும் வறுமையும்: கல்கத்தா காட்டும் பாடம்

ஏழை நாடுகளின் வறுமை செல்வ நாடுகளின் உதவியால் தீருமா? அந்நாடுகள் பட்ட கடனைத் தள்ளிவிட்டால் தீருமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பலரும் தொலைவிலுள்ள நாடுகளின் கணக்குகளைப் புரட்டுகின்றனர். நாம் வாழும் கொல்கத்தா நகரின் எண்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினாலும் விடை கிடைக்கும். கடன் கொடுத்த நாட்டின் நகரமாகவும், கடன் வாங்கிய நாட்டின் நகரமாகவும், கடன் விலக்குப் பெற்ற நாட்டின் நகரமாகவும் இது இருந்திருக்கிறது.

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் எம்போன்றோர்க்கு 'உதவி' என்னும் சொல் எப்போதும் இடர் தருவதாகும். இனாமாகக் கொடுப்பதும் உதவி. வட்டியோடு திருப்பிக் கேட்பதும் உதவி. கோதுமையைத் தந்து அதன் விலையை ரூபாயாகப் பெறுவதும் உதவி. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு வரலாற்றைக் காண்போம்.

முதலில் 1943ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் படைகளுக்காக இந்தியாவில் வாங்கிய பொருள்களுக்கு உடனே விலை கொடுக்கவில்லை. அத்தொகை லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுன் கணக்காக எழுதப்பட்டது. அக்கணக்கை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சாயின. நோட்டுப் பெருகியது, அரிசி பெருகவில்லை, விலை ஏறியது. பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. போருக்கு முன் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த இந்தியா, 1946இல் ஏறத்தாழ 130 கோடிப் பவுனுக்குப் பிரிட்டனின் கடன்காரனைப் போலன்றிக் கடன் கொடுத்தவனாக நின்றது.

கடன் கொடுத்த அந்நாட்டில்தான் வங்காளத்து உழைப்பாளர் பசியால் மாண்டனர். கிராமங்களிலிருந்து கல்கத்தா வந்த கூலியாள்களும் மீனவரும் வீடுதோறும் நின்று சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியையே கேட்டனர். பஞ்ச விசாரணைக் குழு, மாண்டோர் தொகை சுமார் 15 லட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் அது 30 லட்சம் வரை இருக்கும் என்பர். நகரத்து முக்கியத் தொழிற்சாலைகளின் ஊழியர்க்கு முதலாளிகள் வழியே மலிவு விலையில் தானியம் கிடைத்தது. நெல் விளைந்த நாட்டுப்புறத்தாருக்குக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் முறையான ரேஷன் 1944 ஜனவரி இறுதியில்தான் தொடங்கியது. நாடு கடனற்றிருப்பதால் மட்டும் ஏழையின் வயிறு நிறைவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் நிலை தலைகீழாயிற்று. பவுன் சேமிப்பு கரைந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி போதவில்லை. 1958இல் உலக வங்கி கூட்டிய நாடுகளின் குழு இந்தியாவுக்குக் கடன் வழங்க முன்வந்தது. அவ்வாண்டே கல்கத்தாவில் காலரா பரவியது. மறு ஆண்டு வந்த உலக சுகாதார நிறுவன வல்லுநர், குடிநீரையும் கழிவுநீர் வடிகாலையும் சீராக்காமல் இந்நோய் ஒழியாது என்றனர். முதல்வர் பிதான் சந்திர ராய் முயற்சியால் 1961இல் கல்கத்தா மாநகரத் திட்ட அமைப்பு தோன்றியது. ஃபோர்டு அறக்கட்டளை அதற்கு வல்லுநரையும் நிதியையும் அளித்தது. 1966இல் அடிப்படை வளர்ச்சித் திட்டம் வெளியாயிற்று.

திட்டம் வந்தது, திட்டத்தை நிறைவேற்றும் பணம் உடனே வரவில்லை. அதே 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆயிற்று. 100 டாலர் கடன்பட்டவன் 476 ரூபாய்க்குப் பதிலாக 750 ரூபாய் தேட வேண்டியவன் ஆனான். அவன் ஒரு டாலரும் புதிதாக வாங்கவில்லை. கடன் மட்டும் ஓர் இரவில் வளர்ந்தது. அந்நிய நாணயத்தில் பட்ட கடனின் இயல்பு இது.

1970இல் கல்கத்தா மாநகர வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1973இல் உலக வங்கியைச் சார்ந்த சர்வதேச வளர்ச்சிச் சங்கம் 3 கோடி 50 லட்சம் டாலர் கடன் தந்தது. தவணை 50 ஆண்டு, முதல் 10 ஆண்டு அசல் செலுத்த வேண்டியதில்லை, வட்டியில்லை, நூற்றுக்கு முக்கால் வீதம் சேவைக் கட்டணம் மட்டுமே. இத்தகைய கடனை உதவி என்பது தகும். ஆயினும் ஆணையம் செலவிட்டதில் இது ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி மத்திய மாநில அரசுகளின் பணமும், மாநகருக்குள் வரும் சரக்கின்மீது விதித்த நுழைவு வரியுமாகும்.

அப்பணத்தில் நடந்த பணிகளுள் நாம் சிறப்பாக நினைக்கத்தக்கது பஸ்தி எனப்படும் குடிசைப் பகுதிகளின் சீரமைப்பாகும். குடிசைகளை இடித்து மக்களை அப்புறப்படுத்தும் பழைய எண்ணம் கைவிடப்பட்டது. இருந்த இடத்திலேயே குழாய்நீர், கழிப்பிடம், கல் பாவிய சந்து, தெருவிளக்கு ஆகியன அமைந்தன. லட்சக்கணக்கானோர் பயன் பெற்றனர்.

ஆனால் பஸ்தியின் நிலம் ஒருவருடையது; அதில் குடிசை கட்டியவர் டிகா குத்தகைதாரர் எனப்படும் இடைநிலையாளர்; அக்குடிசையில் வாடகைக்கு இருப்பவரே ஏழை. சந்தில் குழாய் வந்தால் இடத்தின் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் ஏழை வெளியேற்றப்படக்கூடும். இவ்விடரை எந்த அயல்நாட்டுப் பணமும் தீர்க்க இயலாது. 1981இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் இயற்றிய டிகா குத்தகைச் சட்டம் அந்நிலங்களை அரசுக்கு உரிமையாக்கியது. குழாயைக் கடன் கொண்டு பதிக்கலாம்; குழாயடியில் ஏழையை நிலைக்கச் செய்ய நம் சட்டமே வேண்டும்.

இனிக் கடன் விலக்குக்கு வருவோம். அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தின்கீழ் அனுப்பிய கோதுமையின் விலை, ரூபாயாக அமெரிக்கக் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்துகொண்டிருந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையை இந்தியாவிடம் அளித்தார். பெரும் பாரம் இறங்கியது. எனினும் அக்காசோலையால் ஒரு மூட்டை தானியமும் கூடுதலாக விளையவில்லை. விளைவித்தது வேறு முயற்சி. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவித்தார். 1965–66இல் 7 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல், நல்ல மழையும் துணைநிற்க, 1967–68இல் 9 கோடியே 50 லட்சம் டன்னாயிற்று.

பிற நாடுகளின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. 1996இல் தொடங்கிய கடன் விலக்கு ஏற்பாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பயன் பெற்றன. உகாண்டா, மிச்சமான பணத்தைத் தனி நிதியாக ஒதுக்கித் தொடக்கக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செலவிட்டது. ஜாம்பியாவோ 2005இல் விலக்குப் பெற்றும், 2020இல் மீண்டும் கடன் கட்ட இயலாமல் தவறியது.

ஆகவே கடன் விலக்கு வீண் என்போமா? அல்ல. தவணைக்காகப் பள்ளியையும் மருந்தையும் குறைக்கும் நாட்டுக்கு விலக்கு மூச்சு விட இடம் தருகிறது. அதனை மறுப்பது கொடுமை. ஆனால் மூச்சு விட இடம் கிடைப்பது ஒன்று. எழுந்து நடப்பது வேறொன்று. நாட்டின் கணக்கேட்டில் வரவு எழுதப்பட்டால் ஏழையின் வீட்டிலும் வரவு எழுதப்பட்டதாகக் கொள்வதே பெரும்பிழை. 1943இல் நம் நாட்டின் ஏட்டில் வரவு மிகுதி, தெருவிலோ பிணங்கள்.

உதவி தருவோரும் பெறுவோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வினாவைக் கேட்பது நலம்: இப்பணம் கடைசியில் எவர் கையைச் சேரும், அக்கையில் தங்க எந்தச் சட்டம் காவல் நிற்கும்? இதற்கு விடையுள்ள இடத்தில் சிறு கடனும் பயன் தரும். விடையில்லாத இடத்தில் முழு விலக்கும் ஏட்டளவில் நின்றுவிடும்.