கதவுக்குள் ஒரு காடு

கதை எழுதுகிறவனுக்குக் கதவைப் போல உபகாரம் செய்யும் பொருள் வேறு இல்லை. கதாநாயகன் வர வேண்டுமா? கதவு தட்டப்படுகிறது. கதாநாயகிக்குக் கோபமா? கதவு படீரென்று சாத்தப்படுகிறது. ஒரு ரகசியம் மூன்றாவது காதுக்கு எட்ட வேண்டுமானால் கதவு சற்றே ஒருக்களித்திருந்தால் போதும். இவ்வளவு வேலை செய்கிற கதவு எப்படி உண்டாயிற்று, அதன் மரம் எங்கிருந்து வந்தது என்று எந்தக் கதாபாத்திரமும் கேட்பதில்லை. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நாலு தெரு சுற்றுகிறவனுக்கு அந்தக் கேள்வி தானாகவே எழும். அந்தச் சீமையில் நல்ல கதவுகள் உண்டு. நல்ல கதவு செய்வதற்கான மரம் மட்டும் கிடையாது!

ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் பிறந்த திருச்சுழி, குண்டாற்றங்கரையில் இருக்கிறது. ஆறு என்று பெயரே தவிர, வருஷத்தின் பெரும் பகுதி அதில் ஓடுவது மணல்தான். அருப்புக்கோட்டையைச் சுற்றிக் கரிசல் காடு. காடு என்றால் மரம் அடர்ந்த வனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. அங்கே காடு என்றால் பருத்தியும் கம்பும் விளைகிற புன்செய். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்; பங்குனி, சித்திரையில் பூமி பாளம் பாளமாக வெடிக்கும்.

இந்த மண்ணில் வளரும் மரங்களும் மண்ணைப் போலவே பிடிவாதக்காரர்கள். கருவேலம் இரும்பு போன்றது. ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அதற்கு நிகரில்லை. ஆனால் கோணல் மாணலாக வளரும்; அகலப் பலகை அதில் கிடைக்காது. பனைக்கு வெளிப்புறம் வைரம், உள்ளே சோறு. கூரைக்குக் கையும் விட்டமும் ஆகும், கதவாகாது. வேம்பைப் பூச்சி அண்டாது. ஆனால் நன்றாகக் காயவிடாமல் வேலை செய்தால் முறுக்கிக் கொள்ளும், வெடிக்கும். பூவரசு நல்ல மரம்தான்; கதவுக்கு வேண்டிய நீளம் சுலபத்தில் அகப்படாது.

இருப்பதைக் கொண்டு செய்த பழைய கதவு எளிமையானது. நாலைந்து பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பின்னால் குறுக்குக் கட்டைகளை வைத்து ஆணி அடிப்பார்கள். ஒரு பலகையின் மேலும் கீழும் குடுமி விட்டு, அதைக் குழியில் நிறுத்திவிட்டால் கதவு சுழலும். கீல் என்ற சமாசாரமே வேண்டாம். மழைக் காலத்தில் அந்தக் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். கோடையில் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும்.

இதற்குக் காரணம் ஆசாரியின் கைக்குறை அன்று. வெட்டிய பிறகும் மரம் மூச்சு விடும் என்பார்கள். காற்றில் ஈரம் ஏறினால் மரம் உப்பும். ஈரம் குறைந்தால் சுருங்கும். விசித்திரம் என்னவென்றால், நீளவாட்டில் அது அநேகமாக அசைவதே இல்லை. அகலவாட்டில்தான் இந்தச் சேட்டை எல்லாம். மூன்றடி அகலம் கொண்ட பலகை, அடைமழைக்கும் அக்கினி நட்சத்திரத்துக்கும் நடுவில் அரை அங்குலம் வரை கூடிக் குறையலாம். அரை அங்குலம் என்பது துணிக்கு அற்பம், கதவுக்கு ஆபத்து.

இந்த ஆபத்துக்கு மனிதன் கண்டுபிடித்த பதில் மிகவும் பழையது. கி. பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிவிட்ட இத்தாலிய நகரங்களான பாம்பேயியிலும் ஹெர்குலேனியத்திலும், சட்டமும் பலகையுமாகச் சேர்த்த கதவுகள் அச்சாகவும் கரியாகவும் கிடைத்திருக்கின்றன. நம் பாண்டிய நாட்டிலும் கதவு வேலை சாமானியமாக இருந்ததில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் ஓர் அரண்மனைக் கதவைக் காட்டுகிறார். இரும்பால் பிணைத்து, செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு அது. கைதேர்ந்த கம்மியன் இடைவெளி தெரியாமல் முடுக்கிப் பொருத்தினான் என்று அதைச் சொல்லும் புலவர், நிலையில் நெய்யும் வெண்கடுகும் அப்பியிருந்ததைக்கூட விடவில்லை. பாட்டுக்கு நடுவில் ஒரு தச்சனின் கைத்திறனை நின்று பார்த்த கவி அவர்.

சட்டக் கதவின் சூட்சுமம் இதுதான். இரு பக்கமும் இரண்டு நெடுஞ்சட்டங்கள். மேலும் கீழும் நடுவிலும் குறுக்குச் சட்டங்கள். குறுக்குச் சட்டத்தின் நுனியில் நாக்கு. நெடுஞ்சட்டத்தில் அதற்கேற்ற துளை. கொட்டாப்புளியால் தட்டி இறுக்கி, மர ஆணி அடித்துவிட்டால் சட்டம் அசையாது. சட்டத்தின் உள்விளிம்பில் ஒரு காடி வெட்டுவார்கள். பலகையின் ஓரம் அந்தக் காடிக்குள் உட்காரும். பலகைக்குப் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டு அதைச் சும்மா வைத்திருப்பார்கள். மழையில் அது பெருத்து உள்ளே நகரும். கோடையில் மெலிந்து வெளியே வரும். வீட்டுக்காரருக்குத் தெரிவது அசையாத கதவு. அதற்குள்ளே வருஷம் முழுவதும் ஒரு நடமாட்டம்.

இந்த வேலைக்கு மிகக் குறைவாக அசைகிற மரங்களில் ஒன்று தேக்கு. அதன் எண்ணெய்ச் சத்தினால் கறையானும் கிட்டே வரத் தயங்கும். மலையாளத்தில் நிலம்பூரில் 1840-களிலேயே கனோலி என்ற கலெக்டர் தேக்குத் தோட்டம் போட்டார். ஆனால் தேக்கு என்றதும் நம் பெரியவர்கள் வாயில் வருவது பர்மாத் தேக்குத்தான். அதற்கு நியாயமும் உண்டு. பர்மாவில் மரத்தை உடனே வெட்டுவதில்லை. அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, வைரம் தெரிய விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் அது நின்ற நிலையிலேயே காயும். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது, காய்ந்தால்தான் மிதக்கும். பிறகு யானை இழுத்து ஆற்றில் தள்ள, தெப்பமாகக் கட்டி ஐராவதி வழியாக ரங்கூனுக்குக் கொண்டு வருவார்கள்.

அந்த மரத்துக்காக ஒரு ராஜ்யமே போயிற்று. 1863-இல் தொடங்கிய பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி, மேல் பர்மாவின் காடுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. வெட்டிய மரத்துக்குக் கணக்கைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்லி, 1885-இல் தீபா மன்னரின் மந்திரி சபை கம்பெனிக்குச் சுமார் 23 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. பிரெஞ்சுக்காரர்கள் பர்மாவில் காலூன்றிவிடுவார்களோ என்று ஏற்கெனவே கவலையில் இருந்த ஆங்கிலேயருக்கு அது போதுமான சாக்கு. நவம்பரில் படை கிளம்பிற்று. அந்த மாதம் முடிவதற்குள் மாந்தளை விழுந்தது. மன்னரை ரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். 1916-இல் அங்கேயே அவர் காலமானார். 1886 ஜனவரி முதல் தேதி மேல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. அரசன் போன வழி கடல். அவன் காட்டு மரம் வந்த வழியும் அதே கடல்.

இந்தப் பக்கம் 1876-லேயே தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பிற்பாடு விருதுநகர் என்று பெயர் பெற்ற விருதுபட்டி அந்தப் பாதையில் இருக்கிறது. அங்கிருந்து அருப்புக்கோட்டை 12 மைல். செட்டிநாட்டு மாளிகைகளைப் போல வீடு முழுவதும் பர்மாத் தேக்கை இழைக்க எல்லோராலும் முடியுமா? நடுத்தரக் குடும்பத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். தெருவாசலுக்குத் தேக்கு, உள்ளறைக்கு வேம்பு. ஊர் பார்ப்பது வாசலைத்தானே!

1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, நாலு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். மரம் வந்த நாட்டிலிருந்து மனிதர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அவர்கள் முன்பு அனுப்பிய பணத்தில் செய்த கதவுகள் மட்டும் ஊரில் கெட்டியாக நின்றன.

இனி உள்ளறைக்கு வருவோம். 1907-இல் பேக்லாண்டு என்ற பெல்ஜியத்துக்காரர் அமெரிக்காவில் பேக்லைட்டைக் கண்டுபிடித்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பசைகள்தாம் புதிய கதவுக்கு உயிர். ‘சாலிட் கோர்’ கதவு என்று கடைகளில் சொல்கிறார்கள். வயிறு நிறைந்த கதவு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். சிறு சிறு மரத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி வயிற்றை உண்டாக்குகிறார்கள். ஒரு துண்டு வளைய நினைத்தால் அடுத்தது தடுக்கும். இரு புறமும் மெல்லிய மரத்தோலைக் குறுக்குவாட்டில் ஒட்டி, அதன் மேல் அழகான மரத்தோலை நெடுக்குவாட்டில் ஒட்டுகிறார்கள். ஒரு புறம் எத்தனை அடுக்கோ மறு புறமும் அத்தனை. இல்லாவிட்டால் கதவு வில்லாகும். பிறகு சுமார் 140 டிகிரி சூட்டில் யந்திரத்தில் வைத்து அழுத்தினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. சட்டமும் பலகையுமாகப் பழைய பாணியில் தோன்றும் அறைக் கதவிலும் இன்று சட்டத்தை அறுத்துப் பார்த்தால் சிலவற்றில் உள்ளே இந்தத் துண்டு அடுக்கே இருக்கும். வயிறு நிறைந்த கதவுக்கு 2202, பழைய சட்டக் கதவுக்கு 1003 என்று இந்தியத் தர விதிகள் தனித்தனி எண்ணில் இருக்கின்றன.

இது போலி வேலை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவினால் வடகிழக்கு மாகாணங்களில் பல மர ஆலைகள் மூடப்பட்டன. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பர்மா தன் மரத்தை முழு அடிமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. காடுகள் போதும் என்று சொன்ன பிறகு, பால் வற்றிய ரப்பர் மரமும் தோட்டத்துத் தைல மரமும் கதவின் வயிற்றுக்குப் போகின்றன. ஒரு தேக்கில் ஒரு கதவு செய்த இடத்தில், மேல் தோலாக மட்டும் சீவினால் பல கதவுகளுக்கு அது காணும். வேம்போடு திருப்திப்பட்ட உள்ளறைக்கும் தேக்கின் முகம் கிடைக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வீடுகள் இடிபடும்போது அவற்றின் கதவுகள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன. நூறு வருஷத்துக் கதவைக் கழற்றி வேறோர் ஊரில் மறுபடியும் மாட்ட முடிகிறது. சட்டம் தளர்ந்தால் ஆசாரி ஒரு ஆப்பு வைத்து இறுக்குவான். பலகை வெடித்தால் அதை மட்டும் மாற்றுவான். பசையால் ஒன்றான கதவை அப்படிப் பிரித்துச் சேர்க்க முடியாது. தண்ணீர் உள்ளே இறங்கி அது உப்பிவிட்டால், அதோடு சரி. மரத்தைச் சிக்கனப்படுத்தினோம், ஆயுளையும் சேர்த்துச் சிக்கனப்படுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய சட்டக் கதவு இருந்தால் சித்திரை மாதத்தில் ஒரு தரம் உற்றுப் பாருங்கள். பலகையின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, வர்ணம் படாத மெல்லிய கோடு ஒன்று தெரியும். பழுது என்று எண்ணிச் சிலர் அதில் மக்குப் பூசி அடைத்துவிடுகிறார்கள். மழைக் காலத்தில் பலகை நகர இடமில்லாமல் சட்டத்தையே பிளந்துவிடுகிறது. அந்தக் கோடு பழுதன்று. மரம் அசையும் என்று தெரிந்த ஒரு ஆசாரி, அதற்கென்று விட்டுவைத்த இடம். கார்த்திகையில் அது தானாகவே மறைந்துவிடும்.