சோற்றை நிறுத்தினால் வலிப்பு நிற்குமா?

நோயும் நூற்றாண்டும் – 14

தாம்பரத்தில் சென்னைக் கடற்கரை ரயில் ஏறினால் அடுத்து வரும் நிலையம் தாம்பரம் சானடோரியம். அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகிய மூன்றுதான் அங்கே சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பிறகு மாத்திரைகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வீட்டில் சிகிச்சை, மற்றதற்குச் சானடோரியத்தில். மாத்திரை இருவருக்கும் ஒன்றே. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். சானடோரியத்தில் கிடைத்த சாப்பாடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. உணவு சிகிச்சை என்ற இடத்தை இழந்தது. இழந்தது சோதனையில் தோற்றதால். வலிப்பு நோயிலும் உணவு ஒருகாலத்தில் சிகிச்சையாக இருந்து விலக்கப்பட்டது. ஆனால் அங்கே எந்தச் சோதனையும் அதைத் தோற்கடிக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை மிகுதியாகத் தரும் கீட்டோ உணவுமுறைக்கு நம் மருத்துவமனைகளில் எந்த இடம் தர வேண்டும் என்பதை நியாயமாக முடிவு செய்ய முடியும்.

பட்டினி கிடந்தால் வலிப்பு அடங்கும் என்பது கிரேக்க மருத்துவர்கள் காலத்திலேயே தெரிந்த செய்தி. நவீன மருத்துவத்தில் அதை முதலில் பதிவு செய்தவர்கள் 1911இல் பாரிஸைச் சேர்ந்த குவெல்பாவும் மரியும். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஹியூ காங்க்ளின் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் வலிப்பு வரும் குழந்தைகளை நாள்கணக்கில் வெறும் தண்ணீரில் வைத்தார். குடலில் ஊறும் நஞ்சு மூளைக்கு ஏறுவதுதான் வலிப்பு என்பது அவர் கொள்கை. கொள்கை தவறு, ஆனால் குழந்தைகளுக்கு வலிப்பு குறைந்தது. நியூயார்க் மருத்துவர் கெய்லின் 1921இல் தம் நோயாளிகளிடமும் அதையே கண்டு அறிவித்தார். வளரும் குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? அதே ஆண்டு மேயோ மருத்துவமனையின் ரசல் வைல்டர் விடை சொன்னார். பட்டினியில் உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. சோறு, ரொட்டி, சர்க்கரையை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை மிகுதியாகக் கொடுத்தால், சாப்பிட்டுக்கொண்டே அந்த நிலையை அடையலாம். மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். இந்த நான்குக்கு ஒன்று கணக்கே இன்றும் மரபான கீட்டோ உணவுமுறையின் அடிப்படை.

1938இல் மெரிட், புட்னம் இருவரும் ஃபெனிட்டாயின் மாத்திரையின் பயனை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துப் போடும் வேலைக்கும் ஒரு மாத்திரையை விழுங்குவதற்கும் இடையே எதை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். மாத்திரை பெரும்பாலானவர்களுக்குக் கேட்டது. கேட்டவர்களுக்கு உணவுமுறை தேவையும் இல்லை. அநீதி நடந்தது மற்றவர்களுக்கு. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகளால் வலிப்பு முழுமையாக அடங்குவதில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று மருந்து மாற்றியும் ஒரு நாளில் பலமுறை விழுந்து எழும் குழந்தைகள் அவர்களில் உண்டு. அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு வழி, யாரும் அதை அளந்து பார்த்துத் தள்ளாமலே பல பத்தாண்டுகள் ஓரத்தில் கிடந்தது.

இதற்கிடையே மூளையைப் பற்றிய அறிவு வளர்ந்தது. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. குளுக்கோஸைத் தவிர வேறெதையும் மூளை எரிக்காது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1967இல் ஆலிவர் ஓவன், ஜார்ஜ் கேஹில் குழுவினர் ஐந்தாறு வாரம் பட்டினி இருந்த மூவரின் மூளைக்குள் போகும் இரத்தத்தையும் வெளியே வரும் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். நீண்ட பட்டினியில் மூளையின் முதன்மை எரிபொருள் கீட்டோன்தான் என்று தெரிந்தது. 1991இல் டி விவோ குழுவினர் விவரித்த ஒரு பிறவிக் குறை இதை இன்னும் தெளிவாக்கியது. அந்தக் குழந்தைகளுக்கு இரத்தத்தில் குளுக்கோஸ் இருக்கும்; அதை மூளைக்குள் ஏற்றிவிடும் புரதத்தில் குறை இருப்பதால் மூளை பட்டினி கிடக்கும், வலிப்பு வரும். கீட்டோன் வேறு வாசல் வழியாக மூளைக்குள் நுழைவதால் கீட்டோ உணவே அவர்களுக்கு முதல் மருந்து. மற்ற வலிப்புகளில் விளக்கம் ஒன்றோடு முடிவதில்லை. நரம்புச் செல்களின் ஆற்றல் இருப்பு கூடுவது, கிளர்ச்சியை அடக்கும் காபா, அடினோசின் போன்ற வேதிப்பொருள்களின் செயல்பாடு மாறுவது, சில கொழுப்பு அமிலங்கள் கிளர்ச்சியூட்டும் ஏற்பிகளை நேரடியாகத் தடுப்பது என்று பல வழிகள் ஆய்வில் தெரியவந்துள்ளன.

விளக்கம் அழகாக இருந்தால் மட்டும் சிகிச்சை ஆகிவிடாது; காங்க்ளினிடமும் ஒரு விளக்கம் இருந்தது. பலன் கிடைத்தவர்களை மட்டும் எண்ணுவதும் சான்றாகாது. ஆகவே குலுக்கல் முறைச் சோதனைதான் உரைகல். 2008இல் லண்டனில் 145 குழந்தைகளிடம் அது நடந்தது. மூன்று மாதத்தில் உணவுமுறைப் பிரிவில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மற்றப் பிரிவில் 6 சதவீதம் பேருக்கு மட்டுமே. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை, கீட்டோ உணவைச் சற்றே தளர்த்திய, மாற்றியமைத்த அட்கின்ஸ் முறையை மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 102 குழந்தைகளிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது. அங்கே பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 52 சதவீதம். வழக்கமான உணவு உண்டவர்களில் 11.5 சதவீதம். எதைச் சாப்பிடுகிறோம் என்பது குடும்பத்துக்குத் தெரியும் என்பதால் எதிர்பார்ப்பும் கணக்கைக் கூட்டியிருக்கலாம் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் பல மருந்துகளைத் தோற்கடித்த வலிப்பு, நம்பிக்கை ஒன்றினால் இத்தனை பேருக்கு, அதுவும் இரண்டு நாடுகளில், அடங்கியது என்று சொல்வது கடினம்.

இதைவிடக் கனமான ஆட்சேபணை நம் அடுக்களையிலிருந்து எழுகிறது. எய்ம்ஸ் முறையில் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அனுமதித்த மாவுச்சத்து 10 கிராம். 100 கிராம் சோற்றிலேயே சுமார் 28 கிராம் இருக்கிறது. ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீட்டில் இட்லி, தோசை, சோறு மூன்றையும் நிறுத்தினால் தட்டில் என்ன மிஞ்சும்? முட்டை, நெய், நல்லெண்ணெய், தேங்காய், பன்னீர், கீரை, சுரைக்காய், வெண்டைக்காய் மிஞ்சும். முடியாத காரியமல்ல, செலவும் உழைப்பும் கூடும். கோதுமையும் பருப்பும் உண்ணும் டில்லிக் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது, அவர்கள் செய்து காட்டினார்கள். எய்ம்ஸ் 170 குழந்தைகளிடம் மூன்று உணவுமுறைகளை ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியையும் காட்டியது. இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவுகளை அளவோடு அனுமதிக்கும் முறை, மரபான கீட்டோ முறைக்கு ஈடென்று நிரூபணமாகவில்லை. ஆனால் அதிலும் வலிப்பு நன்றாகக் குறைந்தது. பக்கவிளைவுகள் மற்ற இரண்டைவிடக் குறைவு. நான்குக்கு ஒன்று கணக்கைத் தாங்க முடியாத வீட்டுக்கு அது ஒரு கதவு.

பக்கவிளைவுகளையும் மறைக்கக் கூடாது. மலச்சிக்கல், வாந்தி, சிறுநீரகக் கல், இரத்தக் கொழுப்பு கூடுதல், வளர்ச்சி மந்தமாதல் ஆகியவை வரலாம். கொழுப்பை எரிக்கும் நொதிகளில் பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்து. அதனால் தொடங்கும் முன் பரிசோதனை கட்டாயம். வலிப்பு மருந்தைச் சிரப்பாகக் கொடுத்தால் அதிலுள்ள சர்க்கரையே கீட்டோனைக் குலைத்துவிடும். மாத்திரையாக மாற்ற வேண்டும். எடை குறைக்க ஜிம்மில் சொல்லித்தரும் கீட்டோவுக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு. அதைப் பார்த்துத் தாமாகத் தொடங்குவதும், தொடங்கிய கையோடு மாத்திரையை நிறுத்துவதும் விடாத வலிப்பில் கொண்டுபோய்விட்டு உயிரைப் பறிக்கலாம். இது மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து கண்காணிக்க வேண்டிய சிகிச்சை.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். குழந்தைகளின் நரம்பியல் சிகிச்சை நடக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், இரண்டு மருந்துகள் தோற்றவுடனே இந்த உணவுமுறையைப் பற்றிப் பெற்றோரிடம் பேச வேண்டும்; அதற்கென்றே பயிற்சி பெற்ற உணவியல் நிபுணர் இருக்க வேண்டும்; நம் ஊர்ச் சமையலுக்கு ஏற்ற அளவுப் பட்டியல் தமிழில் கையில் கிடைக்க வேண்டும். உணவே மருந்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. உணவெல்லாம் பத்தியம், மாத்திரைதான் மருந்து என்று ஒதுக்குவதும் அதே அளவு எளிது. காசநோயில் உணவைச் சிகிச்சை என்ற இடத்திலிருந்து இறக்கியது ஒரு சோதனை. காசநோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறையும் என்று 2023இல் காட்டி, உணவுக்கு வேறோர் இடத்தைத் தந்தது ஜார்க்கண்டில் நடந்த இன்னொரு சோதனை. மாத்திரைக்கு அடங்காத வலிப்பிலும் சோதனை தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. அதை நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை.

(தொடரும்)