நீராவிக் களங்களும் மந்த வாயுக்களும்
புவிவெப்ப நீராவி எங்கிருந்து வருகிறது, எத்தனை முறை கொதித்தது என்பதை ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகிய மந்த வாயுக்களைக் கொண்டு அறியும் ஆய்வுமுறை.

1895இல் வில்லியம் ராம்சே பூமியிலும் ஹீலியம் இருப்பதைக் கண்டார். சில ஆண்டுகளிலேயே இத்தாலியின் தஸ்கனியில், லார்தரெல்லோவின் நீராவி ஊற்றுகளில் ஆர்கானும் ஹீலியமும் இருப்பதை வேதியியலாளர் நசினியின் குழுவினர் காட்டினர். ஆயினும் அவற்றைத் தடயமாகப் படிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1965இல் இமானுவேல் மசோர், ஜெரால்டு வாசர்பர்க் இருவரும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், லாசன் ஊற்று வாயுக்களை அளந்தனர். நியானும் செனானும் மழைநீரில் கரைந்து காற்றிலிருந்து இறங்கியவை என்று தெரிந்தது. ஹீலியத்தில் பெரும்பங்கு, பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டானது. இத்துறையின் அடித்தளம் இந்த ஆய்வுதான்.

நிலத்தடியில் கார்பன் டை ஆக்சைடு கால்சைட்டாகப் படிந்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து தங்கிவிடும். ஆர்கானோ எதனோடும் சேராமல் போனபடியே திரும்பும். நீர் கொதிக்கத் தொடங்கியதும் கரைந்த வாயு முதல் ஆவியோடு ஓடிவிடுவதால், எஞ்சிய நீரில் அது மிகச் சொற்பம். எனவே ஆவியில், காற்றிலிருந்து மழைநீரோடு இறங்கிய ஆர்கான்-36 மிகுந்திருந்தால் அது முதற்கொதிப்பு. அருகியிருந்தால், ஏற்கெனவே கொதித்த நீரின் ஆவி. மெக்சிகோவின் செரோ பிரியெத்தோ களத்தை 1984இல் மசோரும் ஆல்ஃபிரட் ட்ரூஸ்டெல்லும் மந்த வாயுக்களைக் கொண்டே ஆராய்ந்தனர்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வெற்றி. ஹீலியம் கண்ணாடியின் ஊடேகூடக் கசியும். அதனால் ஆவியைச் செப்புக் குழாயில் ஓடவிட்டு, உள்ளிருந்த காற்று முழுதும் வெளியேறிய பின் இரு முனைகளையும் நசுக்கி மூடுகிறார்கள். சிறிது வெளிக்காற்று புகுந்தாலும் கணக்கு பிழைத்துவிடும்.

வாயு எங்கிருந்து வருகிறது என்பதை ஹீலியம் காட்டும். 1969இல் பசிபிக்கின் ஆழ்நீரில் ஹீலியம்-3 மிகுந்திருப்பதைக் கிளார்க், பேக், கிரெய்க் மூவரும் வெளியிட்டனர். பூமி உருவானபோதே உள்ளே அடைபட்ட வாயு அது. யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டாவதோ ஹீலியம்-4. காற்றில் ஹீலியம்-3க்கும் ஹீலியம்-4க்கும் உள்ள விகிதத்தைப் போல், கடலடி மலைத்தொடர்களின் எரிமலைப் பாறையில் சுமார் 8 மடங்கு இருக்கும். பழைய கண்டப் பாறையில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் தேறும்.

இந்த அளவுகோலின் பயன் கலிபோர்னியாவின் கீசர்ஸ் களத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதன் வடமேற்குக் கிணறுகளில் விகிதம் 6 முதல் 8 மடங்கு வரை இருந்ததை 1996இல் மேக் கென்னடியும் ட்ரூஸ்டெல்லும் காட்டினர். அடியில் கற்குழம்பு இன்னும் வாயுவை வெளியிடுகிறது என்பது அவர்கள் முடிவு.

யெல்லோஸ்டோனில் கதை வேறு. 2014இல் ஜேக்கப் லோவன்ஸ்டெர்ன் குழு கணித்தபடி, அங்கு வெளியேறும் ஹீலியம்-4, பாறை இன்று உண்டாக்கும் அளவை வெகுவாக விஞ்சுகிறது. நூறு கோடி ஆண்டுக்கும் மேலாகக் கண்டப் பாறையில் சேர்ந்திருந்த வாயு, கடந்த சுமார் 20 லட்சம் ஆண்டுகளின் எரிமலைச் சூட்டால் விடுபட்டுக்கொண்டிருக்கிறது.