இல்லத்துள் ஓர் இல்லம்

புனே நகரின் வடமேற்கே, மும்பை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது வாகட். ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூராக விளங்கிய அப்பகுதி, அண்டையிலுள்ள ஹிஞ்சவடியில் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின், அடுக்குமாடி இல்லங்கள் செறிந்த குடியிருப்பாக மாறிற்று. பல மாநிலத்தார் கூடி வாழும் அவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வரும் நாம், பாத்திரம் பண்டங்களோடு பழைய குறுந்தட்டுகளையும் கொண்டுவந்துவிடுகிறோம். பாட்டனார் சொல்லச் சொல்லத் தட்டெழுதிய குடும்ப வரலாறு ஒன்றில் இருக்கும். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலர் மற்றொன்றில் இருக்கும். அவையெல்லாம் விண்டோஸ் பொறியில் உருவானவை. இன்று நம்மிற் பலர் பயன்படுத்துவதோ மேக். ஒன்றிற்கென இயற்றிய செயல்நிரல் மற்றொன்றில் தானே இயங்காது. இவ்விரண்டிற்கும் இடையே பாலமாக நிற்கும் மெய்நிகர் பொறியின் வரலாற்றையே இங்குக் காண முற்படுகிறோம்.

பழைய தமிழ்க் கோப்பு ஏன் தன் பழைய செயல்நிரலையே நாடுகிறது? இதற்கு விடை காணப் புனேயிலிருந்தே தொடங்கலாம். உயர்நிலைக் கணினி மேம்பாட்டு மையமாகிய சி-டாக் 1988-இல் இந்நகரில் நிறுவப்பெற்றது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்த ஜிஸ்ட் என்னும் இந்திய மொழித் தொழில்நுட்பம் இம்மையத்தில் வளர்ந்தது. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி என்னும் குறிமுறையை இந்தியத் தர நிறுவனம் 1991-இல் தரமாக வெளியிட்டது. பின்னர் விண்டோஸுக்கென சி-டாக் உருவாக்கிய லீப் ஆபீஸ், ஐ.எஸ்.எம். முதலிய மென்பொருள்கள் அலுவலகங்களிற் பரவின.

ஆயினும் தமிழுலகம் முழுவதும் ஒரே குறிமுறையைக் கைக்கொள்ளவில்லை. எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரிசை வகுத்துக்கொண்டது. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளைப் பரிந்துரைத்தது. 1991-இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு, விண்டோஸ் 2000 வந்தபின்னரே மெல்லப் பரவியது. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. ஆகவே, இடைப்பட்ட பல ஆண்டுகளில் எழுதியவை பல்வேறு குறிமுறைகளிற் சிதறிக் கிடக்கின்றன. எழுத்துரு மட்டுமே குறையென்றால் அதனை மேக்கிலும் நிறுவிக் கொள்ளலாம். ஆனால், அச்சகங்கள் பலவும் ஆண்ட பேஜ்மேக்கர் போன்ற செயல்நிரல்கள் தமக்கே உரிய அமைப்பிற் கோப்புகளைச் சேமித்தன. பேஜ்மேக்கர் 1985-இல் முதலில் மேக்கிற்கென்றே பிறந்தது. ஆயினும் இன்றைய மேக்கில் அது இயங்காது. அதன் வளர்ச்சியை அடோபி நிறுவனம் 2004-இல் நிறுத்திவிட்டது. அத்தகைய மலரைத் திறக்கப் பழைய விண்டோஸ் சூழலே வேண்டும்.

இனி மெய்நிகர் பொறியின் பிறப்பைக் காண்போம். 1960-களில் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். விலையோ மிக அதிகம். ஒரு பொறியைப் பலர் பகிர்ந்து கொள்ளும் வழியை அறிஞர் தேடினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு மையத்தில், ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் சி.பி.-40 என்னும் அமைப்பைப் படைத்தனர். 1967-இல் அது நடைமுறைக்கு வந்தது. பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் முழுப் பொறியொன்று தமக்கே உரியது போல் அது தோற்றமளித்தது. இதன் வழித்தோன்றலான வி.எம்./370-ஐ 1972-இல் ஐ.பி.எம். அறிவித்தது. எத்தகைய பொறி இவ்வாறு பகிர்தற்கு ஏற்றது என்பதற்கான இலக்கணத்தை 1974-இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் வகுத்தனர்.

மேசைக் கணிப்பொறிகள் மலிந்தபின் இக்கலை சிலகாலம் மங்கிற்று. அவற்றில் அமைந்த எக்ஸ்86 வகை நுண்செயலி மேற்சொன்ன இலக்கணத்திற்கு முற்றும் பொருந்தவில்லை. 1998-இல் டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐவர் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம் அத்தடையைத் தாண்டியது. இடர் விளைக்கும் கட்டளைகளை மட்டும் ஓடும்போதே மாற்றி, ஏனையவற்றை நுண்செயலியே நேராக நிறைவேற்ற விடுவது அந்நிறுவனத்தார் கண்ட வழி.

மேக்கின் கதை வேறு. 1994 முதல் அது பவர்பிசி என்னும் நுண்செயலியைக் கொண்டிருந்தது. விண்டோஸின் கட்டளைகள் அதற்குப் புரியாத மொழி. 1997-இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட விர்ச்சுவல் பிசி, அக்கட்டளைகளையெல்லாம் பவர்பிசியின் மொழியில் பெயர்த்துச் சொல்லும் துபாஷியாக நின்றது. பேச்செல்லாம் துபாஷி வழியே நடந்தால் வேகம் குன்றுவது இயல்பு. 2006-இல் மேக் இன்டெல் நுண்செயலிக்கு மாறியது. இருவருக்கும் மொழி ஒன்றாயிற்று. அவ்வாண்டே ஆப்பிளின் பூட் கேம்ப்பும் பாரலல்ஸ் டெஸ்க்டாப்பும் வந்தன, 2007-இல் வி.எம்.வேர் ஃப்யூஷன் வந்தது. பூட் கேம்ப் வழியே ஒரு வேளையில் ஒன்றைத்தான் இயக்க முடியும். மற்ற இரண்டிலோ மேக் இல்லத்தினுள்ளேயே விண்டோஸ் விருந்தினராய்த் தங்கலாம். நினைவகத்திலும் வட்டிலும் விருந்தினருக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டால் போதும்.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 நுண்செயலியைக் கொணர்ந்தபோது மொழி மீண்டும் வேறாயிற்று. இவ்வகைப் பொறிகளில் பூட் கேம்ப்புக்கு இடமில்லை. எனினும் ஏ.ஆர்.எம். வகை நுண்செயலிக்கென அமைந்த விண்டோஸ் 11-ஐ இங்கு விருந்தினராக வைக்கலாம். பாரலல்ஸ் வழியே அதனை இயக்க மைக்ரோசாஃப்ட் 2023-இல் இசைவளித்தது. பழைய எக்ஸ்86 செயல்நிரல்கள் பலவற்றை அந்த விண்டோஸ் தானே பெயர்த்து இயக்கும். வன்பொருளோடு நேரே பேசும் பழைய இயக்கிகள் மட்டும் அங்குச் செல்லா. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற முதியவரையே அழைக்க வேண்டுமாயின் யூ.டி.எம். போன்ற கருவியால் எக்ஸ்86 பொறியைப் போலி செய்து காட்டலாம். நடை மெதுவாயினும் பழைய கோப்பைத் திறக்க அது போதும். எவ்வழியாயினும் விண்டோஸுக்கு உரிமம் தேவை என்பதை மறத்தலாகாது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. 1994, 2006, 2020 என மும்முறை மேக்கின் நுண்செயலி மாறியது; பழையவற்றுக்குச் செல்லும் வழியும் அவ்வப்போது மாறியது. நேற்றுத் திறந்திருந்த கதவு இன்று அடைபட்டுள்ளது. இன்றைய கதவு நாளையும் திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் மெய்நிகர் பொறியை நம் பழந்தமிழ்க் கோப்புகளின் நிலையான குடியிருப்பாகக் கருதாமல், அவற்றை வெளிக்கொணரும் வாயிலாகக் கொள்வதே தக்கது. விருந்து விண்டோஸில் கோப்பைத் திறந்து, உரையை யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ள வேண்டும். பக்க அமைப்பும் தேவையாயின் பி.டி.எஃப். வடிவில் ஒரு படியும் எடுக்க வேண்டும். மாற்றிய உரையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவதும் இன்றியமையாதது. கொம்பும் காலும் இடம் மாறிப் போவது இம்மாற்றத்தில் நிகழக்கூடியதே. வேற்று மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் சொற்கள் கிட்டுமா என்பது இப்பணியைப் பொறுத்தது. குறுந்தட்டும் தேய்கிறது, அதனைப் படிக்கும் கருவியும் அரிதாகி வருகிறது. எஞ்சிய கதவு திறந்திருக்கும் இக்காலத்திலேயே இதனைச் செய்து முடிப்போமாக.