தலையில் விழுந்தால் யார் பொறுப்பு?

குளச்சல் என்றதும் எல்லோரும் 1741 போரைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்தப் பதிவு போரைப் பற்றி அல்ல, தேங்காயைப் பற்றி.

நான் பஸ்ஸுக்கு நடந்து போகிற வழியில் ஒரு வீட்டுத் தென்னை, மதிலைத் தாண்டி ரோட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. காற்று அடித்தால் நெற்று விழும். "பாத்துப் போ மக்கா" என்று கடைக்காரப் பாட்டி தினமும் சொல்வார். ஒருநாள் எனக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது! தலையில் விழுந்திருந்தால்?

பி.காம். வணிகச் சட்டத்தில் நாங்கள் படித்ததெல்லாம் ஒப்பந்தம்தான். வீட்டுக்காரருக்கும் வழிப்போக்கனுக்கும் என்ன ஒப்பந்தம்? தேடியபோது விடை தீங்கியல் சட்டத்தில் இருந்தது.

லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் ஒரு கட்டிடத்தில் மாட்டியிருந்த பெரிய விளக்கு, நடந்து போன பெண்மீது விழுந்தது. "நல்ல ஆளை வைத்துத்தான் பழுது பார்த்தேன்" என்றார் உரிமையாளர். அது செல்லாது, பொறுப்பை வேறொருவர் தலையில் கட்ட முடியாது என்று 1876ல் தீர்ப்பானது.

நம் நாட்டில் முக்கியமான வழக்கு டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு. டவுன் ஹால் எதிரே நின்ற அது இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். மூன்று பேரின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். மணிக்கூண்டுக்கு வயது சுமார் 80. அந்தச் சாந்துக்கு ஆயுளோ 40, 45 வருடம்தான் என்று பொறியாளரே சாட்சி சொன்னார். "பழுது வெளியே தெரியவில்லை" என்றது மாநகராட்சி. 1966ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாலையோரம் கட்டிடம் வைத்திருப்பவர் "எனக்குத் தெரியாது" என்று தப்பிக்க முடியாது என்றது. கவனக்குறைவை வாரிசுகள் தனியாக நிரூபிக்கவும் வேண்டியிருக்கவில்லை. கூண்டு விழுந்ததே சாட்சி! (எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.)

மரத்துக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. 1964ல் டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர்மீது சாலையோர மரக்கிளை முறிந்து விழுந்து அவர் இறந்தார். மாநகராட்சிதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்போது 1999 ஆகிவிட்டது. 35 வருடம்! அந்தக் குடும்பம் எப்படிக் காத்திருந்ததோ... ஆபத்து உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதுதான் மர வழக்குகளில் கேள்வி.

அதனால் அடுத்த முறை நெற்று விழுந்தபோது, அதை எடுத்துப் போய் அந்த வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, விழுந்த இடத்தையும் காட்டிவிட்டு வந்தேன்.