சாலையைக் கடக்கும்போது விபத்து: தப்பு நடந்து போனவர் மேல்தானா?

கொல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய பகுதி கார்டன் ரீச். துறைமுகத்துக்கு வந்து போகும் கண்டெய்னர் லாரிகளும், கப்பல் கட்டும் தளத்துக்கும் தையற்கூடங்களுக்கும் நடந்து போகிறவர்களும் ஒரே சாலையில்தான். 2018-ல் திறந்த மேம்பாலம் வாகனங்களுக்கு வழி விட்டது. நடப்பவர்கள் இன்னும் கீழேதான். எண்ணூர், தூத்துக்குடி துறைமுகச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இப்படி ஒரு சாலையில் யாராவது அடிபட்டால் முதலில் வரும் கேள்வி, "பார்த்துப் போகக்கூடாதா?" அது மட்டும் போதுமா?

எத்தனை பேர் இறக்கிறார்கள்?

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இதில் 32,825 பேர் பாதசாரிகள். தினமும் சுமார் 90 பேர்.

உங்கள் பங்கு என்ன?

லாரிக்கு நேர் முன்னாலும் இடப்பக்கத்திலும் நிற்பவர் ஓட்டுநர் கண்ணில் படாமல் போகலாம். நின்றிருக்கும் லாரியை ஒட்டிக் கடக்காதீர்கள். ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கும் நீங்க தெரியலைன்னு வெச்சுக்கோங்க. கடக்கும்போது ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள்.

ஓட்டுநரின் பங்கு?

சிக்னல் இல்லாத பாதசாரிக் கடவையில் முன்னுரிமை உங்களுக்கே என்கின்றன 2017-ன் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். வேகமும் முக்கியம்: கார் 50 கி.மீ.க்குப் பதில் 65 கி.மீ. வேகத்தில் மோதினால், பாதசாரி இறக்கும் அபாயம் 4.5 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடைபாதையே இல்லையென்றால்?

அப்போது கேள்வி அரசிடம் போகிறது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், நடைபாதை உரிமை அரசியல் சட்டப் பிரிவு 21-ல் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக்கிரமிப்பு இருந்தால் படம் எடுத்து மாநகராட்சியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

அடிபட்டால் என்ன கிடைக்கும்?

* 2025 மே முதல், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் 7 நாட்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லா சிகிச்சை.
* மோதிய வாகனம் தப்பி, அடையாளம் தெரியாவிட்டால் மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000.
* வாகனம் தெரிந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்கு. உங்கள் கவனக்குறைவும் நிரூபணமானால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையலாம்.

அதாவது, கவனம் உங்கள் கடமை. ஆனா மொத்தப் பழியும் உங்கள் தலையில் இல்லை.